கடற்கோளும் கட்டற்ற மென்பொருளும்

2004 டிசெம்பர் 26 அன்று சுமாத்திராவுக்கு அப்பால் கடலடியில் நிகழ்ந்த நிலநடுக்கம் எழுப்பிய பேரலை இலங்கையின் கிழக்குக் கரையை அடைந்தபோது, ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் மட்டக்களப்பு வாவியுமாக ஒடுங்கிக் கிடக்கும் நாவலடி, கல்லடி முதலிய ஊர்கள் பேரழிவுக்குள்ளாயின. நாடெங்கும் 30,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். எந்த முகாமில் யார் இருக்கின்றனர், யாரைக் காணவில்லை, எந்த அமைப்பு எங்கே எதை வழங்குகின்றது என்பவற்றைத் திரட்டி வைக்க ஆயத்தமான ஏற்பாடு ஏதும் இல்லாத நிலையில், இலங்கைக் கணினி வல்லுநர்கள் தன்னார்வமாக ஒன்றுகூடிச் சில வாரங்களுக்குள் 'சகானா' என்னும் மென்பொருளை ஆக்கினர். லங்கா சொஃப்ட்வெயார் ஃபவுண்டேஷன் அதனை வளர்த்தெடுத்தது.

அவர்களால் அத்துணை விரைவாக இயங்க முடிந்தமைக்கு, பிறர் ஏற்கெனவே ஆக்கிப் பொதுவில் விட்டிருந்த அப்பாச்சி, மைஎஸ்கியூஎல், பிஎச்பி ஆகிய மென்பொருள்களின்மீது சகானாவைக் கட்டியெழுப்பியமை ஒரு முதன்மைக் காரணமாகும். இந்தப் பொதுச் செல்வத்தின் பின்னணியில், அமெரிக்காவின் மசாசுசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் பணியாற்றிய ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983 செப்டெம்பரில் அறிவித்த 'குனு' திட்டம் இருக்கின்றது. மனிதர் எழுதிப் படிக்கக்கூடிய நிரல் வரிகளாகிய மூலநிரலை நிறுவனங்கள் மறைத்து வைக்கத் தொடங்கிய காலத்தில், மென்பொருளை எந்நோக்கத்துக்கும் இயக்கவும், ஆராய்ந்து மாற்றவும், படியெடுத்துப் பகிரவும், மாற்றிய வடிவத்தைப் பிறருக்கு வழங்கவும் பயனருக்கு உரிமை உண்டு என அவர் வாதிட்டார்; இவ்வுரிமைகளைத் தரும் மென்பொருளே கட்டற்ற மென்பொருள் எனப்படுகின்றது. 1989இல் வெளியான குனு பொது உரிமம், பெற்ற உரிமையை அடுத்தவருக்கும் அப்படியே அளிக்க வேண்டும் என்ற நிபந்தனையால் அவ்வுரிமைகளைச் சட்டத்தின் துணையோடு காத்தது.

கட்டற்ற மென்பொருளாகவே வெளியான சகானாவைப் பொறுத்தவரை, விலையின்மையை விட மாற்றும் உரிமையே பெரிது. ஒவ்வொரு பேரிடருக்கும் மொழியும் நிர்வாகப் பிரிவுகளும் தேவைகளும் வேறுபடுவதால், எவருடைய அனுமதிக்கும் காத்திராமல் நிரலைத் திருத்த இயல்வது உயிர் காக்கும் வசதியாகின்றது. 2005 ஒக்டோபரில் காஷ்மீர் நிலநடுக்கத்தின்போது பாகிஸ்தானிலும், மறு ஆண்டில் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா ஆகிய நாடுகளிலும் சகானா பயன்பட்டது. 2006ஆம் ஆண்டுக்கான சமூக நன்மை விருதைக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை அதற்கு வழங்கியது.

ஆயினும் நிரல் திறந்திருப்பது, அதில் பதியப்படும் விவரங்களும் திறந்திருக்க வேண்டும் என்று பொருள்படாது. பெற்றோரை இழந்த குழந்தை எந்த முகாமில் இருக்கின்றது என்னும் தகவல் தவறானவர் கையில் சேர்வது மற்றோர் ஆபத்து என்பதால், நிரலை எவரும் சோதிக்க விட்டு, பதிவேட்டைப் பார்க்கும் உரிமையைப் பொறுப்புள்ள சிலரோடு வரையறுப்பதே முறையாகும்.