விடுதி வளர்ந்தால் காட்சி மாறும்



நுவரெலியாவுக்கு வரும் உல்லாசப் பயணி அங்கே காண்பவை யாவை? சீராகக் கத்தரிக்கப்பட்ட தேயிலைச் செடிகள், செங்கல்லால் எழுப்பிய அஞ்சல் நிலையம், குதிரைப் பந்தயத் திடல், வாவி, புல்வெளிக்கு அப்பால் ஆங்கில நாட்டுப் பாணியில் நிற்கும் பெரிய விடுதி ஆகியன. ‘சின்ன இங்கிலாந்து’ என்று இவ்வூரைப் பலரும் அழைப்பது இவற்றைக் கொண்டுதான். ஆயின், இக்காட்சி இயற்கை தானாகத் தந்ததன்று. பலர் ஒருவர்பின் ஒருவராகத் திட்டமிட்டு அமைத்தது. அவர்களுள் விடுதி நடத்துவோருக்குத் தனி இடம் உண்டு. ஒரு விடுதி விரிவடையும்போது அதன் அயலிலுள்ள காட்சி எவ்வாறு மாறுகிறது, அம்மாற்றத்தால் யாருக்கு என்ன நேர்கிறது என்பதைப் பற்றியே இன்று சிறிது சிந்திப்போம்.

இவ்வினாவுக்கு விடை காணக் கேளிக்கைப் பூங்காக்களின் வரலாறு நமக்கு உதவும். 1955 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் வால்ட் டிஸ்னி ஒரு பூங்காவைத் திறந்தார். அதன் ஒவ்வொரு பகுதியும் ஒரு கதைக்கருவைத் தழுவியது. ஓரிடத்தில் பழைய காலத்துக் கடைவீதி. வேறோரிடத்தில் அடர்ந்த காடு. மற்றோரிடத்தில் வருங்கால உலகம். வெளியுலகம் கண்ணில் பட்டால் கதை கலைந்துவிடும் என்று கருதி, பூங்காவைச் சுற்றி உயர்ந்த மண்மேடு அமைத்தனர். ஆனால், பூங்காவுக்கு மக்கள் திரளத் தொடங்கியதும், அதன் எல்லைக்கு வெளியே பிறருடைய நிலங்களில் விடுதிகளும் விளம்பரப் பலகைகளும் முளைத்தன. டிஸ்னி இதனை விரும்பவில்லை. அதனாலேயே அடுத்த பூங்காவுக்கு, புளோரிடா மாநிலத்தில் ஏறக்குறைய 27,000 ஏக்கர் நிலத்தை அவரது நிறுவனம் முன்கூட்டியே வாங்கியது. அவர் மறைந்து ஐந்தாண்டுகளின் பின், 1971 இல், அப்பூங்கா திறக்கப்பட்டது.

எல்லை அகன்றதால் சிக்கல் தீர்ந்துவிடவில்லை. அதே நிலத்தில், பல நாடுகளின் கட்டடக் கலையைக் காட்டும் மண்டபங்கள் ஒரு நீர்நிலையைச் சுற்றி நிற்கின்றன. 1990 இல் அருகே இரண்டு பெரிய விடுதிகள் எழுந்தபோது, அவற்றின் உச்சிகள் அம்மண்டபங்களின் கூரைக்கு மேலாகத் தெரியலாயின. பாரிஸ் நகர வீதியில் நிற்பதாக எண்ணிய ஒருவர் தலையை உயர்த்தினால், அதே கணத்தில் வேறொரு கதை அவர் கண்ணில் பட்டது. 1994 இல் அயலில் ஓர் உயர்ந்த கோபுரம் கட்டியவர்களோ இத்தவற்றைத் தவிர்த்தனர். தொலைவிலிருந்து நோக்கினால் அது மொறோக்கோ நாட்டு மண்டபத்தின் பின்னணியோடு ஒன்றிப்போகும்படி நிறத்தையும் உச்சியின் வடிவத்தையும் தெரிந்தெடுத்தனர். ஆகவே, விடுதியும் காட்சியும் இருவேறு பொருள்கள் அல்ல. விருந்தினர் தங்குமிடம் உயர்ந்தால் வானவிளிம்பு மாறும். அதன் வாயில் திரும்பினால் பாதை மாறும். அதன் சன்னல் திறக்கும் திசையே பார்க்கத்தக்க திசையாகிவிடும்.

இனி நம் மலைநாட்டுக்கு வருவோம். தேசாதிபதி எட்வர்ட் பார்ன்ஸ் 1828 இல் நுவரெலியாவில் தமக்கென ஒரு மாளிகை கட்டினார். 1846 இல் இங்கு வந்த சாமுவெல் பேக்கர், இரண்டாண்டுகளின் பின் குடியேறி, ஆங்கில நாட்டு முறையில் பண்ணை அமைக்க முயன்றார். தேசாதிபதி கிரெகரியின் காலத்தில், 1873 இல், வாவி உருவாயிற்று. பின்னர் பார்ன்ஸின் மாளிகையே 1891 இல் ‘கிராண்ட் ஹோட்டல்’ ஆயிற்று, படிப்படியாக விரிந்தது. தோட்டத் துரைமார் ஓய்வெடுக்க வந்த ஊர், அவர்கள் விட்டுவந்த நாட்டின் சாயலை ஏற்றது. துரைமார் காலம் கழிந்த பின்னரும் அச்சாயல் நிலைத்தது. உல்லாசப் பயணிகள் அதனை விரும்பியமையால், பின்னர் எழுந்த விடுதிகள் பலவும் அதே சாயலைப் பின்பற்றின. விடுதி காட்சியைத் தழுவியது. காட்சியும் விடுதியால் மேலும் இறுகியது.

நகரத்தோடு இது நிற்கவில்லை, தோட்டங்களுக்குள்ளும் புகுந்தது. கந்தப்பளைக்கு அருகே, ஏறக்குறைய 6,800 அடி உயரத்தில், ஹெதர்செட் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்று பல்லாண்டுகளாகப் பூட்டிக் கிடந்தது. எயிட்கன் ஸ்பென்ஸ் நிறுவனத்தார் அதனை 1996 இல் விடுதியாக்கித் திறந்தனர். கொழுந்தைப் பரப்பி வாட்டிய மேல்மாடிகள் படுக்கையறைகளாயின. வெளித்தோற்றமும் சன்னல் வரிசைகளும் பெரும்பாலும் பழையபடியே காக்கப்பட்டன. பொறிகள் சிலவும் பார்வைக்கு வைக்கப்பட்டன. இடிந்து மண்ணாகியிருக்கக்கூடிய கட்டடம் பிழைத்தது. அயல் தோட்டத்து இளைஞர்களுக்கும் வேலை கிடைத்தது. இதனைக் குறைத்து மதிப்பிடுதல் நேர்மையன்று.

அட்டன் பக்கம் சென்றால் இன்னொரு வகையைக் காணலாம். காசல்றீ நீர்த்தேக்கத்தைச் சூழ்ந்த தோட்டங்களில் பழைய துரைமார் பங்களாக்கள் நான்கு, 2005 இல் ஆடம்பர விடுதிகளாயின. பின்னர் மற்றொன்றும் சேர்ந்தது. அங்கே தங்குவோர் காலையில் நீர்ப்பரப்பை நோக்கித் தேநீர் அருந்துகின்றனர். அந்நீர்ப்பரப்போ பழங்காலத்து ஏரியன்று. மின்சாரம் பெறும்பொருட்டுக் கெஹெல்கமு ஓயாவை மறித்து 1965 இல் முடிக்கப்பட்ட அணையின் தேக்கம். பங்களாவைக் கட்டிய துரைக்கு அந்த ஏரிக்காட்சி கிடைத்ததேயில்லை. வெவ்வேறு காலத்துப் பொருள்களை ஒன்றுசேர்த்து, ‘பழைய இலங்கை’ என்ற ஒரே படமாக்கித் தருவது விடுதியின் கைவண்ணம்.

இங்கேதான் நாம் கூர்ந்து நோக்கவேண்டியது ஒன்றுண்டு. படத்தில் எவை சேர்க்கப்படுகின்றன, எவை விடப்படுகின்றன? பங்களா உண்டு, தொழிற்சாலை உண்டு, கூடை சுமந்து கொழுந்து பறிக்கும் பெண்ணின் உருவமும் உண்டு. சில விடுதிகளில் விருந்தினருக்கே சேலை உடுத்தி, கூடை கொடுத்து, சற்றுநேரம் கொழுந்து பறிக்கச் செய்கின்றனர். ஆனால், லயம் படத்தில் இல்லை. ஒரு குடும்பம் முழுவதும் ஓர் அறையிலும் ஒரு சிறு முன்தாழ்வாரத்திலும் வாழ்ந்த அந்த நீண்ட வரிசைக் குடியிருப்பு, மண்மேட்டுக்கு வெளியே தள்ளப்பட்டுவிடுகிறது. அதிகாலைப் பிரட்டுக் களம் இல்லை. கங்காணியின் கணக்கு இல்லை. 1948 ஆம் ஆண்டின் சட்டத்தால் குடியுரிமை இழந்து, 2003 ஆம் ஆண்டின் சட்டம்வரை அதன் முழுத் தீர்வுக்காகக் காத்திருந்த மக்களின் வரலாறும் இல்லை. காமன் கூத்தும் தப்பும் எப்போதேனும் விருந்தினரின் மாலைப்பொழுதை நிரப்பும் சிறு நிகழ்ச்சியாகவே இடம்பெறக்கூடும்.

இது வெறும் வரலாற்றுக் குறை என்று எவரும் எண்ணிவிடலாகாது. கேளிக்கைப் பூங்காவில் வேடம் புனைந்து நிற்பவர் மாலையில் வேடத்தைக் களைந்து, எல்லைக்கு வெளியேயுள்ள தம் வீட்டுக்குச் செல்வார். மலைநாட்டுத் தொழிலாளிக்கோ அப்படிப்பட்ட எல்லை இல்லை. அவர் வீடே காட்சிக்குள் நிற்கிறது. ஆதலின், காட்சியைப் பழையபடியே வைத்திருக்கவேண்டும் என்ற விருப்பம் வலுக்குமாயின், அது அவர் வாழ்வையும் பழையபடியே வைத்திருக்கும் ஆசையாக மாறிவிடலாம். புதிய வீடும் அகன்ற பாதையும் கைத்தொலைபேசிக் கோபுரமும் தோட்டத்து மக்களுக்குத் தேவை. அவையோ படத்தைக் கெடுப்பனவாகச் சிலருக்குத் தோன்றலாம். விருந்தினரின் சன்னலுக்காகத் தொழிலாளியின் கூரை காத்திருக்கவேண்டுமா என்பதே வினா.

விடுதியின் விரிவு ஊரின் பொதுச்சொத்தையும் தொடுவதுண்டு. நுவரெலியாவின் அஞ்சல் நிலையம் 1894 இல் கட்டப்பட்டது. வெளிநாட்டார் படமெடுக்கத் தவறாத கட்டடம். அதனை விடுதித் தொழிலுக்குக் கையளிக்கும் திட்டம் எழுந்தபோது, அஞ்சல் தொழிற்சங்கங்கள் 2023 நவம்பரில் வேலைநிறுத்தத்தில் இறங்கின. ஒரு கட்டடத்தின் செங்கல் மாறாமலே அதன் பொருள் மாறலாம் என்பதை அவ்வெதிர்ப்பு உணர்த்திற்று. அஞ்சல் நிலையத்தின் படிகளில் ஏறும் உரிமை கடிதம் கொணரும் எவருக்கும் உண்டு. விடுதியாயின், அறைக்குப் பணம் கொடுப்பவருக்கே அப்படிகள் உரியனவாகிவிடும்.

அவ்வாறாயின் விடுதிகளே வேண்டாமா? அப்படிச் சொல்வது அறிவுடைமை ஆகாது. தேயிலையின் விலை உலகச் சந்தையில் ஏறி இறங்கும்போது, உல்லாசப் பயணத் தொழில் மலைநாட்டுக்கு இன்னொரு கைத்தடியாக உதவும். வேண்டுவது வேறு. கட்டடம் எழுமுன் அதன் உயரத்தையும் நிறத்தையும் பற்றி ஆராய்வதுபோல, அது சொல்லப்போகும் கதையைப் பற்றியும் ஆராயவேண்டும். அக்கதையை அமைக்கும் அவையில் தோட்டத்து மக்களுக்கும் இருக்கை தரவேண்டும்.

அதற்கு வழிகாட்டிகள் நம்மிடையே உண்டு. கண்டிக்கு அருகே ஹந்தானையில், பழைய தொழிற்சாலை ஒன்றில், 2001 இல் தேயிலை அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அங்கே பொறிகளின் வரலாற்றையும், 1867 இல் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெய்லரின் நினைவுப் பொருள்களையும் காணலாம். கம்பளைக்கு அருகேயோ, பழைய லயம் ஒன்றையே தொழிலாளர் அருங்காட்சியகமாக்கியுள்ளனர். அடுப்பும் அம்மியும் கொழுந்துக் கூடையும் அங்கே தம் கதையைத் தாமே கூறுகின்றன. இவ்விரண்டையும் பார்த்தவரே தேயிலையின் முழுக்கதையையும் அறிந்தவராவர். விடுதிகள் தம் விருந்தினரை முதலாவதற்கு அனுப்புவதோடு நில்லாமல் இரண்டாவதற்கும் அனுப்பலாம். வழிகாட்டும் பணியைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கே தரலாம். வேடம் புனைந்து நிற்பதற்காக அன்றி, தம் பாட்டனும் பாட்டியும் இம்மலைக்கு வந்த கதையைத் தம் வாயால் எடுத்துரைப்பதற்காக.

நேயர்களே, மலைநாட்டில் இனியும் விடுதிகள் எழும்; எழுந்தவை விரியும். அவற்றின் திட்டங்கள் ஊர்ச்சபைகளின் முன் வரும்போது, எத்தனை அறைகள், எத்தனை மாடிகள் என்று மட்டும் கேளாது, அச்சன்னல்களிலிருந்து எதைக் காட்டப்போகிறீர்கள், எதை மறைக்கப்போகிறீர்கள் என்றும் கேட்போமாக. அக்கேள்வியைக் கேட்கும் உரிமை, அம்மலைகளைத் தம் உழைப்பால் பசுமையாக்கிய மக்களுக்கே முதற்கண் உண்டு.