பிள்ளைப்பேறும் கருக்குழாய்ப் புண்ணும்: தம்பதிகள் இருவரும் அறிய வேண்டியவை



"கண்ணாலமாகி மூணு வருசமாச்சு, இன்னும் ஒண்ணுமில்லீங்க" என்று வீட்டுப் பெரியவர்கள் குறைபட்டுக்கொள்வதைக் கேட்டிருப்பீர்கள். கோயிலுக்கு நேர்ந்துகொள்வார்கள், ஜாதகம் பார்ப்பார்கள், சில வீடுகளில் இரண்டாம் கல்யாணப் பேச்சும் எழும். பழியெல்லாம் பெண்மேல் விழும். ஆனால் பல பெண்களுக்கு இது கிருமிகள் செய்த கேடு. அந்தக் கிருமியைக் கணவரே அறியாமல் கொண்டுவந்திருக்கலாம்.

கிருமி என்ன செய்கிறது?

கருப்பையின் இரு பக்கமும் இரண்டு கருக்குழாய்கள் உண்டு. ஒவ்வொன்றும் சுமார் 10 சென்டிமீட்டர் நீளம். உள்துவாரமோ மிகக் குறுகியது. விந்தணுவும் சினைமுட்டையும் சேருவது இந்தக் குழாயில்தான். வெட்டை நோய்க் கிருமியும் கிளமிடியா என்ற கிருமியும் உடலுறவால் தொற்றி, கருப்பை வழியாக மேலேறிக் குழாயைப் புண்ணாக்குகின்றன. புண் ஆறினாலும் தழும்பு விழுந்து குழாய் அடைபடுகிறது. வாய்க்காலில் மண் சரிந்தால் கடைசிக் காட்டுக்குத் தண்ணீர் எப்படிப் போகும்? பாதி அடைபட்ட குழாயிலேயே கரு தங்கிவிட்டால், குழாய் வெடித்துத் தாயின் உயிருக்கே ஆபத்து.

சுத்தமில்லாத பிரசவத்தாலும், பயிற்சியில்லாதவர் செய்யும் கருக்கலைப்பாலும் இதே கேடு வரலாம். முதல் பிள்ளைக்குப் பின் அடுத்தது தங்காமல் போக இதுவும் ஒரு காரணம்.

காசநோயும் காரணமாகலாம்

பெருந்துறை சானடோரியம் என்றாலே காசநோய் என்பது நம் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். அந்தக் கிருமி நுரையீரலோடு நிற்பதில்லை. இரத்தத்தில் கலந்து கருக்குழாயிலும் தங்கும். அப்போது இருமல் இல்லாமலும் இருக்கலாம். இதற்கும் அரசு மருத்துவமனைகளில் இலவச மருந்து உண்டு.

தாமதம் கூடாது

சுவீடனின் லுண்ட் நகரில் 1960 முதல் 1984 வரை கருக்குழாய்ப் புண் கண்ட பெண்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். 1992இல் வெளியான முடிவு இது: ஒருமுறை நோய் கண்டவர்களில் நூற்றுக்கு 8 பேருக்குக் குழாய் கெட்டுப் பிள்ளை இல்லாமற்போனது. இருமுறை கண்டவர்களில் சுமார் 20 பேர். மூன்றுமுறையோ அதற்கு மேலோ என்றால் 40 பேர்.

மருந்து கிருமியைக் கொல்லும். விழுந்த தழும்பை நீக்காது. அதனால்தான் சீக்கிரம் வாருங்கள் என்கிறோம்.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

வெள்ளைப்படுதல் எல்லாமே நோயல்ல. நாற்றம், மஞ்சள் அல்லது பச்சை நிறம், அடிவயிற்று வலி, காய்ச்சல், உடலுறவின்போது வலி, மாதவிலக்கு இல்லாத நாளில் உதிரம் இவற்றில் எது இருந்தாலும் தள்ளிப்போடாதீர்கள். ஆண்களுக்கு நீர்க்கடுப்பும் சீழும் அறிகுறி. "சூடு புடிச்சிருக்குது" என்று இளநீரும் வெந்தயமும் குடித்து இருந்துவிடாதீர்கள். எரிச்சல் தணிந்தாலும் கிருமி சாகாது. கிளமிடியா பெரும்பாலான பெண்களுக்கு எந்த அறிகுறியும் காட்டாது. ஆகவே கணவருக்கு நோய் கண்டால் மனைவியும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

செய்ய வேண்டியவை

இருவரும் ஒன்றாக மருந்து சாப்பிடுங்கள். ஒருவர் மட்டும் சாப்பிட்டால் நோய் மறுபடியும் தொற்றும். சுகமானாலும் பாதியில் நிறுத்தாதீர்கள். டாக்டர் சொல்லும்வரை உடலுறவைத் தவிருங்கள். சந்தேகமுள்ள உறவுக்கு நிரோத் அவசியம்.

ஓராண்டு சேர்ந்து வாழ்ந்தும் கரு தங்காவிட்டால் இருவருமே பரிசோதனைக்குப் போங்கள். மனைவிக்கு 35 வயது தாண்டியிருந்தால் ஆறு மாதமே கெடு. கணவரின் விந்துப் பரிசோதனை எளிது, வலியில்லாதது. அதை முதலிலேயே செய்துவிடலாம். பெண்ணுக்குக் குழாய் அடைப்பை எக்ஸ்ரே மூலம் கண்டுபிடிக்கலாம்.

பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ விசாரியுங்கள். கூச்சப்படாதீர்கள். உங்கள் விவரத்தை இரகசியமாக வைத்திருப்பது எங்கள் கடமை.

பிள்ளை இல்லையே என்று மனைவியைப் பழிக்கும் முன், இருவரும் சேர்ந்து ஒருமுறை ஆஸ்பத்திரிப் படியேறுங்கள்.