கப்பற் பயணமும் முன்பணமும்

கடலுலாக் கப்பலில் குடும்பத்துடன் செல்ல விரும்பும் சங்கத்து அன்பர்கள் சிலர், "கட்டணம் முழுவதையும் இப்பொழுதே செலுத்தினால் தள்ளுபடி உண்டாம், செலுத்திவிடலாமா, முன்பணத்தோடு நிறுத்திக்கொள்ளலாமா?" என்று வினவுகின்றனர்.

ரயில்வே குமாஸ்தாவிடம் இதைக் கேட்பது பொருத்தமே. நாங்களும் முழுக் கட்டணத்தை முன்கூட்டியே வாங்குகிறவர்கள்தாம். ஆயினும் 2024 நவம்பர் முதல் ரயில் முன்பதிவு பொதுவாக 60 நாளைக்கு மேற்பட்டுக் கிடையாது. வண்டியே ரத்தானால் கட்டணம் முழுவதும் திரும்பும். கப்பலுக்கோ ஓராண்டு முன்பே பதிவு நடக்கிறது. அத்தனை மாதமும் நம் பணம் வட்டியில்லாக் கடனாக அங்கே கிடக்கும்.

லட்ச ரூபாய்க் கட்டணத்தில் 20,000 முன்பணம் என்று கொள்வோம். மீதி 80,000 ரூபாய் வங்கியில் 6 விழுக்காட்டு வட்டியில் பத்து மாதத்தில் 4,000 ஈட்டும். தள்ளுபடி அதனினும் குறைவாயின் அது தள்ளுபடியே அன்று. மிகுதியாயினும் ஓர் ஐயம் எஞ்சும்: கப்பல் புறப்படுமா? 2019இல் மும்பையிலிருந்து உலாச் செல்லத் தொடங்கிய 'கர்ணிகா' என்னும் கப்பல், 2020 முடியுமுன் குஜராத்தின் அலங் கடற்கரைக்கு உடைபடச் சென்றுவிட்டது.

ஆதலின் என் வாக்கு முன்பணத்துக்கே. ஆனால் மீதியைச் செலுத்தவேண்டிய கெடுவை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். பல நிறுவனங்களில் அது புறப்பாட்டுக்கு 60 முதல் 90 நாள் முன்னதாக வரும். தவறினால் இடமும் போகும், முன்பணமும் போகக்கூடும். பயணம் ரத்தானால் திரும்புவது ரொக்கமா, வேறொரு பயணத்துக்கான வரவுச் சீட்டா என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 2020இல் பலருக்கு முதலில் நீட்டப்பட்டது சீட்டுத்தான்.