முதலாளி இல்லாத வேலை, முகவரி இல்லாத உரிமை: ஃப்ரீலான்ஸ் நிரலாளர்களும் சட்டமும்

சேர்வராயன் மலையின் காப்பித் தோட்டங்களில் உழைத்த தலைமுறைக்குத் தன் முதலாளி யார் என்பதில் ஐயம் இருந்ததில்லை. குடியிருப்பு, குடிநீர், மருத்துவ வசதி ஆகியவற்றை வழங்கும் கடமையை 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் அவர்மீது சுமத்தியது. அது எவ்வளவு தூரம் நடைமுறையானது என்பது வேறு கேள்வி. வழக்குத் தொடுக்க ஒரு முகவரியாவது இருந்தது. அந்த மலையின் தலித் அல்லது மலையாளிப் பழங்குடிக் குடும்பத்திலிருந்து கணினி படித்து வரும் ஒருவர், ஏற்காட்டில் இருந்தபடியே வெளிநாட்டு நிறுவனத்துக்கு நிரல் எழுதினால் அவருக்கு முதலாளி யார்? சட்டத்தின் கண்ணில் எவருமில்லை.

இந்த வேலையின் ஈர்ப்பை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. 2011-இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம், கணினியைச் சொந்தமாக வாங்க இயலாத வீடுகளுக்குள் அதைக் கொண்டு சேர்த்தது. ஃப்ரீலான்ஸ் நிரலாளர் பெங்களூருவுக்கோ சென்னைக்கோ இடம்பெயர வேண்டியதில்லை. சாதி கேட்டு வீடு மறுக்கும் உரிமையாளரின் வாசலில் நிற்க வேண்டியதில்லை. 'நிரலுக்குச் சாதி கிடையாது' என்ற நம்பிக்கை இங்கிருந்தே பிறக்கிறது.

ஆனால், நிரலை வாங்குபவருக்குச் சாதி உண்டு. சுகதேவ் தோரட்டும் பால் அட்வெல்லும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்கள் வெவ்வேறு பெயர்களில் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பப்பட்டன. தலித் பெயர்களுக்குக் குறைவான அழைப்புகளே வந்தன. 2020-இல் கலிபோர்னியா அரசின் துறை சிஸ்கோ நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கிலோ, தலித் பொறியாளர் ஒருவர் ஐஐடியில் இடஒதுக்கீட்டில் சேர்ந்தவர் என்பதை மேலாளரே சக பணியாளர்களிடம் வெளிப்படுத்தினார் என்பது குற்றச்சாட்டு. சாதியைக் கண்டுபிடிக்கக் குடும்பப் பெயர் தேவையில்லை. ஊரும் கல்லூரியும் போதும். ஃப்ரீலான்ஸ் உலகில் பெரிய வேலைகள் பரிந்துரையால் வருகின்றன. பரிந்துரைக்கும் வட்டம் யாருடையது என்பதே கேள்வி.

சிஸ்கோ வழக்கில் குற்றம் சாட்ட ஒரு நிறுவனமேனும் இருந்தது. தனித்து இயங்கும் நிரலாளருக்கு மனிதவளத் துறை இல்லை; அரசியலமைப்பின் 16(4)-ஆம் உறுப்பு தரும் இடஒதுக்கீடு அரசுப் பணியோடு நின்றுவிடுகிறது. எனினும், கைவசமுள்ள சில சட்டக் கருவிகளை நாம் போதிய அளவு பயன்படுத்துவதில்லை.

நிரல் யாருக்குச் சொந்தம்?

1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை இலக்கியப் படைப்பாகக் கருதுகிறது. ஊழியர் தம் பணியின் பகுதியாக எழுதும் நிரலுக்கு, வேறு உடன்பாடு இல்லாதபோது, நிறுவனமே முதல் உரிமையாளர். ஃப்ரீலான்ஸ் நிரலாளர் ஊழியர் அல்லர். ஆகவே அவரே உரிமையாளர். 19-ஆம் பிரிவின்படி, அவர் கையொப்பமிட்ட எழுத்து வடிவ ஒப்பந்தமின்றி உரிமை கைமாறாது. காலம் குறிப்பிடப்படாவிட்டால் அந்த மாற்றம் ஐந்து ஆண்டுகளுக்கே செல்லும். நிலப்பரப்பு குறிப்பிடப்படாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டுமே. எனவே ஒப்பந்தத்தில் 'முழுத் தொகையும் வந்த பின்னரே உரிமை மாறும்' என்ற ஒரு வரியைச் சேர்க்க வேண்டும். பணம் தராமல் இழுத்தடிப்பவருக்கு எதிராக நம்மிடமுள்ள வலுவான பிடி அதுவே.

45 நாள் விதி

2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் ஆலைகளுக்கு மட்டுமானதல்ல; சேவை வழங்கும் தனிநபரும் உத்யம் தளத்தில் கட்டணமின்றிக் குறுந்தொழிலாகப் பதியலாம். பதிந்தவருக்கு, ஒப்பந்தம் எதைச் சொன்னாலும் 45 நாட்களுக்குள் பணம் தரப்பட வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வீதத்தின் மூன்று மடங்கில், மாதந்தோறும் கூட்டு வட்டி சேரும். தொகை வராதபோது குறு, சிறு தொழில் வசதியாக்க மன்றத்தை அணுகலாம். வேலையை ஏற்குமுன்பே பதிவதே பாதுகாப்பு. வாங்குபவர் வெளிநாட்டில் இருந்தால் இவ்வழி பெரும்பாலும் பயன்படாது. அங்கே முன்பணமே காப்பு.

இப்பதிவுக்கு மற்றொரு பயனும் உண்டு. ஒன்றிய அரசின் 2012-ஆம் ஆண்டுக் கொள்முதல் கொள்கை, அமைச்சகங்களும் பொதுத்துறை நிறுவனங்களும் தம் ஆண்டுக் கொள்முதலில் 4 விழுக்காட்டைப் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் நடத்தும் குறு, சிறு நிறுவனங்களிடமிருந்து பெற வேண்டும் என்கிறது. நம் இளைஞர்கள் பதியாமல் இருந்தால், 'தகுதியானோர் கிடைக்கவில்லை' என்ற பதில் எளிதாகிவிடும்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம்

இச்சட்டத்துக்கு முதலாளி–தொழிலாளி உறவு தேவையில்லை. 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ள திருத்தம், பொருளாதாரப் புறக்கணிப்பைக் குற்றமாக்கியது; தொழில் தொடர்பு கொள்ள மறுப்பதும் அதன் வரையறைக்குள் வரும். சாதி சொல்லி இழிவுபடுத்துவது 'பொதுப் பார்வையில்' நிகழ வேண்டும் என்பது நிபந்தனை. இணையத்தில் வெளியான காணொளிக்கும் இது பொருந்தும் எனக் கேரள உயர்நீதிமன்றம் 2022-இல் கூறியது. தனி மின்னஞ்சலில் வந்த வசவுக்கு இதே வாதத்தை வைப்பது கடினம். எதுவாயினும் உரையாடல்களைத் தேதியுடன் சேமித்து வைப்பது முதல் கடமை.

எஞ்சியிருக்கும் வெற்றிடம்

2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு, மரபான முதலாளி–தொழிலாளி உறவுக்கு வெளியே உழைப்போரைக் 'கிக் தொழிலாளர்' என அடையாளம் காண்கிறது. இவர்களுக்கான நிதிக்கு இணையதளங்கள் ஆண்டு வருவாயில் 1 முதல் 2 விழுக்காடு அளிக்க வேண்டும். ஆயினும் இது நலத்திட்டமே. குறைந்தபட்ச ஊதியமோ, பாகுபாட்டுக்கு எதிரான பாதுகாப்போ அதில் இல்லை. தமிழகத்தின் நலவாரியப் பேச்சும் உணவு விநியோகிப்போரையும் ஓட்டுநர்களையும் சுற்றியே நிற்கிறது. மடிக்கணினி முன் அமர்ந்திருப்பவரும் தொழிலாளியே என்பதை நாம் வலியுறுத்த வேண்டியுள்ளது.

ஏற்காடு, பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட சட்டமன்றத் தொகுதி. இங்கிருந்தே மூன்று கோரிக்கைகளை எழுப்பலாம்: மாநில அரசின் சிறு மென்பொருள் பணிகளில் பட்டியல் சாதி, பழங்குடி நிரலாளர்களுக்கு ஒதுக்கீடு, நலவாரியத்தில் ஃப்ரீலான்ஸ் பணியாளர்களுக்கு இடம், வேலை வழங்கும் தளங்களைக் கட்டுப்படுத்தும் சாதிப் பாகுபாட்டுத் தடைச் சட்டம். மாணவர் அமைப்புகள் கல்லூரிதோறும் உத்யம் பதிவு முகாம்களை நடத்துவதும் மாதிரி ஒப்பந்தங்களைத் தமிழில் பரப்புவதும் இன்றே தொடங்கக்கூடிய பணிகள். தோட்டத் தொழிலாளர்களின் உரிமைகள் தனி மனிதர்களாக நின்று பெற்றவையல்ல. நிரலாளர்களும் சங்கமாகத் திரண்டால்தான் அவர்களுடைய உரிமைக்கும் ஒரு முகவரி கிடைக்கும்.