25 மணிக்கு வரும் பஸ்

வரைபடத்துக்குள்ளே – 9

சென்ற வாரம், தெருக்களைப் புள்ளியும் கோடுமாக்கிக் குறுக்குவழி கண்டுபிடிக்கும் டைக்ஸ்ட்ராவின் கணக்கைப் பார்த்தோம். நடந்து போகிறவருக்கு அது போதும். தெரு எப்போதும் அங்கேயே இருக்கும். பஸ் அப்படியில்லை. 8.12க்கு நிறுத்தத்தில் நிற்கும், 8.13க்கு இருக்காது.

ஆகவே பஸ்ஸைக் கணினிக்குப் புரியவைப்பது தனி வேலை. நிரல் மட்டும் தெரிந்தவர் அதில் எங்கே வழுக்குவார் என்பதற்கு ஒரு வரி காட்டுகிறேன். உலகின் பல நகரங்கள் தங்கள் பஸ், ரயில் அட்டவணைகளை ஜிடிஎஃப்எஸ் என்ற வடிவத்தில் எழுதிவைக்கின்றன. அதில் நிறுத்தவாரியாக நேரம் குறிக்கும் கோப்பைத் திறந்தால், நடை எண், நிறுத்த எண் இவற்றோடு வரும் நேரம் சில வரிகளில் இப்படி இருக்கும்: 25:10:00.

இருபத்தைந்து மணி பத்து நிமிடம். வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த புரோகிராமர் தட்டச்சுப் பிழை என்று நினைத்து 01:10 என்று மாற்றிவிடுவார். மாற்றிய மறுகணம், வெள்ளிக்கிழமை இரவின் கடைசி பஸ் ஒரு நாள் பின்னுக்குப் போய் வெள்ளிக்கிழமை விடியற்காலை பஸ் ஆகிவிடும். டிப்போவில் இருப்பவருக்கு இதில் குழப்பமே கிடையாது. வெள்ளிக்கிழமை மாலை டியூட்டி ஏறிய டிரைவர் நள்ளிரவு தாண்டி 1.10க்கு வந்தாலும் அது வெள்ளிக்கிழமைக் கணக்குதான். காலண்டரில் நள்ளிரவோடு தேதி மாறிவிடும். பஸ்ஸின் நாள், கடைசி வண்டி டிப்போவுக்குத் திரும்பிய பிறகுதான் முடியும். 25:10 என்று எழுத வைத்தவர்கள் அந்தக் கணக்கைக் கேட்டுத் தெரிந்துகொண்டவர்கள்.

இன்னும் நுட்பமான ஓர் இடம் உண்டு; எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு நாளின் நேரத்தை நள்ளிரவிலிருந்து எண்ணாதே, நண்பகலுக்கு 12 மணி நேரம் முன்பிருந்து எண்ணு என்கிறது ஜிடிஎஃப்எஸ் விதி. இரண்டும் ஒன்றுதானே? நமக்கு ஒன்றுதான். அமெரிக்காவின் பெரும்பாலான ஊர்களில் ஆண்டுக்கு இரண்டு நாள் அவை வேறு வேறு. மார்ச் மாதத்து ஞாயிறு ஒன்றில், அதிகாலை 2 மணி ஆனதும் கடிகாரத்தை 3க்குத் தள்ளிவைப்பார்கள். அன்று நள்ளிரவிலிருந்து நண்பகல் வரை 11 மணி நேரம்தான். நள்ளிரவிலிருந்து எண்ணும் நிரல், காலை 8 மணி பஸ்ஸை 9 மணிக்கு வரும் என்று சொல்லும். நண்பகலிலிருந்து பின்னோக்கி எண்ணினால் 8 மணி பஸ் 8 மணிக்கே வரும். ஞாயிற்றுக்கிழமை காலை ஷிஃப்டுக்குக் கிளம்பும் நர்ஸ் ஒருவருக்கு இந்த ஒற்றை விதியால் பஸ் தவறாமல் இருக்கிறது.

இந்த வடிவம் பிறந்தது ஓரிகன் மாநிலத்தின் போர்ட்லண்டில். அங்கே பஸ்ஸும் இலகு ரயிலும் ஓட்டும் பொது நிறுவனம் ட்ரைமெட். 2005இல் அதன் தகவல் தொழில்நுட்பப் பிரிவில் மேலாளராக இருந்தவர் பிபியானா மெக்ஹ்யூ. கார் வைத்திருப்பவருக்கு இணையத்தில் நொடியில் வழி கிடைக்கிறது, பஸ்ஸில் போகிறவருக்கு ஏன் கிடைப்பதில்லை என்ற ஆதங்கம் அவருக்கு. வரைபட நிறுவனங்களின் கதவைத் தட்டினார். கூகுளில் கிறிஸ் ஹாரெல்சன் என்ற பொறியாளர் ஏற்கெனவே இதே யோசனையில் இருந்தார். மெக்ஹ்யூவின் குழு, அட்டவணைகளைக் காற்புள்ளியால் பிரித்த சாதாரண எழுத்துக் கோப்புகளாகக் கொடுத்தது. அந்த ஆண்டு டிசம்பரில் போர்ட்லண்டை மட்டும் வைத்துக்கொண்டு கூகுள் டிரான்சிட் தொடங்கியது.

காற்புள்ளிக் கோப்பு என்றால் கணினிக்காரர்கள் உதட்டைப் பிதுக்குவார்கள். ஆனால் இரண்டே பேர் உட்கார்ந்து அட்டவணை போடும் சின்ன ஊர் அலுவலகம்கூட அதை எக்செலில் திறந்து திருத்திக்கொள்ளலாம். அது பரவியதற்கு இந்த எளிமைதான் முக்கியக் காரணம் என்பேன். ஜிடிஎஃப்எஸ் என்ற பெயரின் முதல் எழுத்து தொடக்கத்தில் கூகுளைக் குறித்தது. பிறகு பொது என்று பொருள்படும் 'ஜெனரல்' ஆயிற்று.

அட்டவணை சொல்வது ஒன்று, தெருவில் நடப்பது வேறு. அந்த இடைவெளியில் கை வைத்தவர்கள் சியாட்டிலில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இருந்த இரண்டு ஆராய்ச்சி மாணவர்கள். பிரையன் ஃபெரிஸ் கணினி அறிவியல். கேரி வாட்கின்ஸ் போக்குவரத்துப் பொறியியல். 2008இல் தொடங்கிய அவர்களின் 'ஒன் பஸ் அவே'யில் நிறுத்த எண்ணைக் கொடுத்தால், பஸ் வர இன்னும் எத்தனை நிமிடம் என்று சொல்லும். ஸ்மார்ட்போன் இல்லாதவர்கள் சாதாரண போனில் கூப்பிட்டும் கேட்கலாம்.

செயலி எழுதியதோடு நின்றிருந்தால் பாதி வேலைதான். நிறுத்தங்களில் போய் நின்று, மக்கள் உண்மையில் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள், எவ்வளவு காத்திருந்ததாக நினைக்கிறார்கள் என்று அளந்தார்கள். 2011இல் வெளியான முடிவு இது: தகவல் கையில் இல்லாதவர்கள் சராசரியாக 9.9 நிமிடம் காத்திருந்ததாகச் சொன்னார்கள், இருந்தவர்கள் 7.5 நிமிடம். உண்மையான காத்திருப்பே ஏறக்குறைய இரண்டு நிமிடம் குறைந்திருந்தது. தகவல் இல்லாதவர்களுக்கு, காத்திருந்த நேரம் உள்ளதைவிட நீளமாகவும் தோன்றியிருந்தது. ஒரு பஸ்கூட புதிதாக வாங்காமல் கிடைத்த பலன் இது.

அதற்காக இதைக் காட்டி, பஸ் வாங்குவதைத் தள்ளிப்போட நினைக்கும் அதிகாரிகளை நான் ஏற்கமாட்டேன். மணிக்கு ஒரு வண்டி ஓடும் தடத்தில், அடுத்த பஸ் 52 நிமிடத்தில் என்று போன் துல்லியமாகச் சொன்னாலும், நிறுத்தத்தில் கைக்குழந்தையோடு நிற்பவர் 52 நிமிடம் நின்றுதான் ஆகவேண்டும்.

(தொடரும்)