முகம் பாராத நண்பனிடம் எதைச் சொல்வது?

டீ சூடாக இருக்கிறது, மெதுவாகக் குடி தம்பி. ஆன்லைன் கேமில் பழக்கமானவன், கோலாலம்பூர்க்காரன் என்கிறாய். அவனிடம் உன்னைப் பற்றி எதைச் சொல்வது, எதுவரை சொல்வது என்று கேட்கிறாய்.

ஊர், பேர், வயது சொன்னால் ஆள் புரிந்துவிடாது. நம்ம ஊர் அத்திப்பட்டு என்றதும் 'சிட்டிசன்' படத்து ஊரா என்பான். 2001இல் வந்த அந்தப் படத்தில் காணாமல் போனது அத்திப்பட்டி, கற்பனை ஊர். நம்ம ஊரில் கும்மிடிப்பூண்டி லோக்கல் ரயில் இன்றைக்கும் நின்று போகிறது என்று நீ விளக்குவாய். பேச்சு அதோடு முடிந்துவிடும். அதற்குப் பதிலாக, அனல்மின் நிலையத்துச் சாம்பல் படியும் என்று அம்மா வெள்ளைத் துணியை வெளியே காயப்போட மாட்டாள், அதைப் பார்த்தே வளர்ந்ததால் நான் வெள்ளைச் சட்டை வாங்குவதே இல்லை என்று சொல்லிப் பார். உன் வீடு, உன் அம்மா, உன் சுபாவம் எல்லாம் அவனுக்குக் கொஞ்சம் பிடிபடும்.

சொல்லிவிட்டு நிறுத்து. அவன் முறை வரட்டும். முன்பின் தெரியாதவர்களை ஜோடி சேர்த்துப் பேசவிட்டு, ஆய்வாளர் சூசன் ஸ்ப்ரெச்சரும் அவருடைய குழுவும் 2013இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஆளுக்குக் கொஞ்சமாக மாறி மாறிச் சொன்னவர்களுக்கு ஒருவரை ஒருவர் அதிகம் பிடித்திருந்தது. ஒருவர் முழுக்கப் பேசி, மற்றவர் அடுத்த தடவை முழுக்கப் பேசிய ஜோடிகளில் அந்த அளவு நெருக்கம் வரவில்லை. முன்பின் தெரியாதவர்களை நெருக்கமாக்க உளவியலாளர் ஆர்தர் ஆரன் 1997இல் வெளியிட்ட 36 கேள்விகளும் படிப்படியாகத்தான் ஆழம் போகும். முதல் நாளே அப்பாவின் குடியை, உடைந்த காதலைக் கொட்டினால் எதிரில் இருப்பவன் திணறிப்போவான்.

எனக்கு இதைவிடப் பெரிய நம்பிக்கை ஒன்று உண்டு. சேர்ந்து ஒரு வேலை செய்தால் குணம் தானாக வெளியே வரும். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் என்ற மின்னூல் முயற்சியைப் பார். சுவிட்சர்லாந்தில் இருந்த கல்யாணசுந்தரம் ஒருங்கிணைக்க, பல நாட்டுத் தமிழர்கள் பைசா வாங்காமல் பழைய நூல்களைத் தட்டச்சு செய்தார்கள், பிழை திருத்தினார்கள், இணையம் வழியாகவே. யாருக்குப் பொறுமை அதிகம், யார் சொன்ன நாளில் பக்கத்தை அனுப்புவார் என்பதை அப்படி ஒரு வேலை காட்டிக்கொடுக்கும். உங்கள் கேமிலும் அப்படித்தான். தோற்றபின் அவன் யாரைத் திட்டுகிறான் என்று கவனி.

எழுத்தில் பழகும்போது இன்னொன்றும் நடக்கும். மறுமுனையில் இருப்பவன் தன் நல்ல பக்கத்தை மட்டும் தேர்ந்து காட்டுவான். தெரியாத இடத்தையெல்லாம் நம் மனசு நல்லதாகவே நிரப்பிக்கொள்ளும். நேரில் பழகியவரைவிட அவன் நெருக்கமாகத் தோன்றுவதற்கு அதுவே காரணம் என்று தகவல்தொடர்பு ஆய்வாளர் ஜோசப் வால்தர் 1996லேயே எழுதினார். அதனால் அவன் சொன்னதையும் நீயாக ஊகித்ததையும் மனசில் தனித்தனியாக வை.

குணத்தைச் சொல்லலாம், பயத்தைச் சொல்லலாம், பிடித்த பாட்டைச் சொல்லலாம். வீட்டு முகவரி, கம்பெனி ஐடி கார்டு, ஆதார், ஓடிபி மட்டும் எவ்வளவு பாசம் வந்தாலும் வேண்டாம். உண்மையான நண்பனுக்கு அவை தேவைப்படாது. அவசரமாகப் பணம் அனுப்பு, நல்ல லாபம் வரும், முதலீடு போடு என்று பேச்சு திரும்பினால் அங்கேயே நிறுத்திவிட்டு என்னிடமோ அக்காவிடமோ சொல். பணம் போயிருந்தால் கூச்சப்படாதே, உடனே சைபர் மோசடி உதவி எண் 1930க்கு போன் போடு.