உங்களுக்குத் தெரியுமா? பெண்ணைக் கண்டால் நடுங்கும் நெஞ்சு

பெண்களைக் கண்டாலே மிரளும் அச்சத்துக்கு மருத்துவம் வைத்த பெயர் கைனோபோபியா. கூச்சம் வேறு, இது வேறு. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாலே நெஞ்சு படபடக்கும், உள்ளங்கை வியர்க்கும், நாக்கு வறளும். அடுத்த ஸ்டாப்பிலேயே இறங்கிவிடத் தோன்றும். பயப்பட ஒன்றுமில்லை என்று பயப்படுகிறவருக்கே தெரியும். தெரிந்தும் உடம்பு கேட்காது. இது 6 மாதமாவது நீடித்து, அன்றாட வாழ்க்கையையே குலைத்தால்தான் டாக்டர்கள் நோய் என்கிறார்கள். பெண் வெறுப்போடு இதைச் சேர்த்துப் பேசுவது தவறு.

ஆலங்காயம் பக்கம் ஒரு பையனுக்கு இந்த அச்சம் இருந்தால் பிழைப்பே சிக்கல்தான். வாணியம்பாடி, ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் ஷூவின் மேல்பகுதியான அப்பர் தைக்கும் இடத்தில் பெரும்பாலும் பெண்கள்தான். காலையில் கம்பெனி வண்டியில் ஏறுவதே அவனுக்குப் பெரும்பாடு. காரணம் சொல்லத் தெரியாமல் வேலையை விட்டு நிற்பான். வீட்டில் சோம்பேறி என்பார்கள். எனக்கு மனசு கனப்பது அங்கேதான்.

ஊரே சேர்ந்து ஒரு பெண்ணுக்கு அஞ்சியதும் உண்டு. 1990களில் பெங்களூரு வீட்டுக் கதவுகளில் 'நாளை வா' என்று கன்னடத்தில் எழுதி வைத்தார்கள். இரவில் பெண் பேய் வந்து கதவைத் தட்டும், இதைப் படித்துவிட்டுத் திரும்பிப் போகும் என்பது நம்பிக்கை. நமக்கு அடுத்த ஆந்திரத்திலும் 'ஓ ஸ்திரீ, ரேபு ரா' (ஓ பெண்ணே, நாளை வா) என்று எழுதினார்கள்.

தாய்லாந்தின் வடகிழக்குக் கிராமங்களில் திடகாத்திரமான ஆண்கள் தூக்கத்திலேயே இறந்தபோது, பழி ஒரு விதவைப் பேயின் மேல் விழுந்தது. அதை ஏமாற்ற ஆண்கள் நகச்சாயம் பூசிப் பெண்ணைப்போல் படுத்தார்கள். அந்தச் சாவுகளில் பலவற்றுக்குக் காரணம் இதயத்தின் மின்னோட்டக் கோளாறு என்று பின்னால் தெரிந்தது. 1992இல் விவரிக்கப்பட்ட அந்த நோயின் பெயர் புருகாடா.

நம்மூர்ப் பேய்க்கதையில் வரும், திருவாலங்காட்டை ஒட்டிய பழையனூர் நீலியும் பேயாகத் தொடங்கியவள் அல்ல. கணவன் கையால் கொலையுண்ட மனைவி. அவளைச் சொல்லிப் பிள்ளைகளைப் பயமுறுத்துகிறவர்கள் அந்தக் கொலையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அச்சத்தை ஆற்றும் வழியைச் சோதித்துக் காட்டியவர்களில் முன்னோடி ஒரு பெண்: மேரி கவர் ஜோன்ஸ். முயலுக்குப் பயந்த பீட்டர் என்ற குழந்தைக்குப் பிடித்த தின்பண்டத்தைக் கொடுத்தபடியே, கூண்டு முயலைத் தூரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கத்தில் கொண்டுவந்தார். கடைசியில் குழந்தை முயலைத் தொட்டு விளையாடியது. இதை அவர் வெளியிட்டது 1924இல். இன்றைய சிகிச்சையும் இந்தப் படிப்படியான பழக்கம்தான்: முதலில் பெண்ணின் படம், பிறகு தூரத்தில் ஒரு பெண், பிறகு அவரோடு இரண்டு வார்த்தை பேச்சு.

வேலூர் பாகாயத்தில் உள்ள சி.எம்.சி. மனநல மையத்துக்கு வித்திட்டவரும் ஒரு பெண் டாக்டர், கனடாவிலிருந்து வந்த ஃப்ளாரன்ஸ் நிக்கல்ஸ். நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கிச் சிகிச்சையில் பங்கெடுப்பது அந்த மையத்தின் வழக்கம்.

நேரில் போகத் தயங்குகிறவர்கள் மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416ஐ அழைக்கலாம். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.